சேனை பூத்த ஞாயிற்றுக்கிழமை

மலையாள தேசத்துக் கரமனையில் நாங்கள் குடியிருந்த வீடு ரயில் வண்டி மாதிரி. வாசலில் நுழைந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு அறைகள், கடைசியில் கிணறு. முன்பக்கம் மூன்றில் வீட்டுக்கார மாமாவும் மாமியும் இருந்தார்கள். பின்பக்கம் மூன்றில் நானும் என் கணவரும். நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் இருட்டறை. அது இரண்டு குடும்பத்துக்கும் பொது. அவர்களுடைய அரிசிப் பானை, எங்களுடைய விறகு, யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு ஓட்டை உருளி, எல்லாம் அதில் கிடந்தன.

மாமா கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். என் கணவர் சர்க்கார் கச்சேரியில் சாதாரண கிளார்க். அதனால் மாமாவின் முன்னால் அவர் எப்போதும் லீவு கேட்கப் போனவர் மாதிரியே நிற்பார். நான் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தேன். புதிதாகப் பட்டம் வாங்கியவள். அந்த வயதில் எனக்குத் தெரியாத செடி உலகத்திலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சேனைக்கிழங்கு எனக்குப் பிடித்த பாடம். பெண்களை ஏமாற்ற அதைப்போல ஒன்று கிடைக்காது. "நாம் சாப்பிடுவது வேரா?" என்று கேட்பேன். "ஆமாம்" என்பார்கள். "தப்பு. அதுதான் தண்டு, மண்ணுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஆளுயரத்துக்கு நிற்கிறதே, அது என்ன?" "தண்டு" என்பார்கள். "அதுவும் தப்பு. அது இலையின் காம்பு. மேலே குடை மாதிரி விரிந்திருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே ஓர் இலை." எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். அந்த நிமிஷத்துக்காகவே நான் டீச்சரானேன் என்று கூடச் சொல்லலாம்.

அந்த வருஷம் அதைக் கண்ணால் காட்டவேண்டும் என்று ஆசை வந்தது. சாலைக் கடைத்தெருவிலிருந்து பூசணிக்காய் பருமனில் ஒரு முழுச் சேனை வாங்கி வந்து, மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அந்த ஓட்டை உருளியில் வைத்து, எலி கடிக்காமலிருக்க ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்தேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கிழங்கின் நடுக் குழியிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு முளை எட்டிப் பார்த்தது.

"இலை வந்தாச்சு" என்று அறிவித்தேன்.

என் கணவருக்கு என்னைவிட உற்சாகம். தினமும் குளித்துவிட்டு, ஆபீஸ் ஸ்கேலும் கையுமாக இருட்டறைக்குள் போவார். வெளியே வந்து, நேராக மாமாவிடம் போய், "இன்னிக்கு மூணே கால் இஞ்ச், மாமா. இலை" என்பார். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நேத்திக்கு?" என்பார். "ரெண்டரை." "நன்னா வரட்டும்." தினமும் இதே சம்பாஷணைதான். பத்தொன்பது நாள் நடந்தது.

மாமி மட்டும் ஒருநாள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இலைன்னா இத்தனை குண்டா வருமோ? கர்ப்பிணி மாதிரின்னா இருக்கு?" என்றாள்.

"இது பெரிய கிழங்கு மாமி. அதனால இலையும் பெரிசு" என்றேன். அதைச் சொல்லும்போது நான் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படித்தவள் படிக்காதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதற்குரிய தண்டனை ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தோம். காலை எட்டு மணிக்கு மாமா பூஜையில் உட்கார்ந்திருந்தவர், பாதி மந்திரத்தில் நிறுத்தி, மூக்கை இரண்டு தரம் உறிஞ்சி, "எலி செத்திருக்கு" என்றார்.

ஒன்பது மணிக்குள் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? செத்த எலி என்றால் போதாது. செத்த எலிகள் ஒரு மகாநாடு கூட்டினால் எப்படியோ அப்படி. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினால் தலைப்பு நாறியது. காப்பி குடித்தால் காப்பி நாறியது.

மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ரிட்டயராகி ஏழெட்டு வருஷமாக அவருக்கு உத்தரவு போட ஆளும் இல்லை, விஷயமும் இல்லை. அன்று இரண்டும் சேர்ந்து கிடைத்துவிட்டன.

"ஓய், இங்கே வாரும்" என்று என் கணவரைக் கூப்பிட்டார். "முதல்ல இது யார் ஆத்து எலின்னு தெரியணும்."

"செத்த எலிதானே மாமா?"

"செத்தா என்ன? நம்மாத்து எலி சாகணும்னா வெளியில போயிட்டாக்கும் சாகும். எனக்குத் தெரியும். இது இடதுபக்கத்து ஆத்து எலி. அவா விஷம் வச்சிருப்பா, அது இங்கே வந்து பிராணனை விட்டுருக்கு. கேட்டேளா, ஒரு மரியாதை வேண்டாமோ?"

அரிசிப் பானை கவிழ்க்கப்பட்டது. விறகு முழுவதும் ஒவ்வொரு கட்டையாக வெளியே போய், மழையில் நனைந்து, திரும்பி உள்ளே வந்தது. மாமா ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து நாற்றத்தின் திசையைக் கண்டுபிடிக்க முயன்றார். புகை நேராக மேலே போனது. "அப்போ மச்சுலதான்" என்றார். என் கணவர் ஏணியில் ஏறினார்.

அதற்குள் மாமி இருட்டறை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கென்னமோ இங்கேதான் ஜாஸ்தியா தோணறது" என்றாள்.

நானும் உள்ளே போய்த் தேடினேன். அலமாரிக்குப் பின்னால், பானைக்கு அடியில், விறகு இடுக்கில், எல்லா இடத்திலும் விளக்கைக் காட்டிப் பார்த்தேன். கவிழ்த்த கூடையைச் சுற்றி இரண்டு தரம் போனேன். அதைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அந்தக் கூடைக்குள்ளே?" என்றாள் மாமி.

"அதுல என் செடிதான் மாமி. பூவா இருந்தா மணம் வரும். பழமா இருந்தாலும் வரும். வெறும் இலைக்கு ஏது மணம்?"

மாமி கொஞ்சம் யோசித்தாள். "கருவேப்பிலைக்கு?" என்றாள்.

நான் விளக்கைப் பானைப் பக்கம் திருப்பினேன்.

"துளசிக்கு? புதினாவுக்கு?"

"அது வேற மாமி" என்றேன். எப்படி வேறு என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை. மேலே மச்சில் ஒரு சத்தம். என் கணவர் தும்மியிருக்கிறார். தும்மிய வேகத்தில் ஒரு மக்கிப்போன பலகை உடைந்து, அவருடைய வலது கால் முழங்கால் வரை எங்கள் தலைக்கு மேலே தொங்கியது. காலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"ஏன்னா, அடி பட்டுதா?" என்று கத்தினேன்.

"இல்லை. ஆனா எங்கே இருக்கேன்னு தெரியலை" என்றார்.

"எங்க தலைக்கு மேலே இருக்கேள்! காலை எடுங்கோ!"

"அப்படியே இரும்!" என்று கூடத்திலிருந்து மாமா கத்தினார். "அந்த ஓட்டை வழியா நாத்தம் வரதான்னு பாரும்!"

நான் அண்ணாந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஈக்களைக் கவனித்தேன். பச்சைப் பளபளப்பில் பெரிய ஈக்கள். ஓட்டை வழியாக வருகின்றனவா என்று பார்த்தால், இல்லை. கதவு வழியாக வந்து, என்னைத் தாண்டி, மாமியைத் தாண்டி, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி வரிசையாகக் கூடையின் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட வழி தவறவில்லை.

கூடையைத் தூக்கினேன்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கத்தரிக்காய்த் தோலின் நிறத்தில், ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக ஒரு மடல் விரிந்திருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு தடித்த உருளை எழுந்து, உச்சியில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டையைத் தாங்கி நின்றது. சனிக்கிழமை காலை வரை பொத்திக்கொண்டு இருந்தது. ஒரே ராத்திரியில் திறந்துவிட்டது. அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சத்தியமாக. சேனை பூக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஒரு கறுப்புவெள்ளைப் படம் பார்த்திருக்கிறேன். ஆனால் யார் பூக்க விடுகிறார்கள்? அதற்குள் வெட்டிச் சமைத்துவிடுவோம். வயதான கிழங்கு, இலைக்கு முந்தி பூவை அனுப்பியிருக்கிறது. ஈயைக் கூப்பிடச் செத்த பிராணி மாதிரி நாறுகிறது. எவ்வளவு சாமர்த்தியம் என்று அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு, பத்தொன்பது நாளாக ஆபீஸ் ஸ்கேல் வைத்து அளந்து இந்த வீடு முழுவதும் இலை இலை என்று சொல்லியிருக்கிறோமே என்று நினைவு வந்தது.

மாமி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இதாக்கும் அந்த இலை?" என்றாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததால் மூச்சு முட்டி, அரிசிப் பானையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவிடம் ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று எழுந்தேன். சரியாக அப்போது மச்சிலிருந்து என் கணவரின் குரல்: "கிடைச்சுடுத்து! மாமா, கிடைச்சுடுத்து!"

உண்மையிலேயே ஒரு எலி. ஆனால் அது எந்தக் காலத்து எலியோ! காய்ந்து, தட்டையாகி, பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் வளையவில்லை. மாமா அதை இடுக்கியால் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோர்ட்டில் ஒரு பெரிய கேஸ் ஜெயித்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொன்னேனோ இல்லியோ? மச்சுலதான்னு?"

"மாமா" என்றேன், "எலி இல்லை. நாத்தம் என் செடிலேர்ந்து வரது. பூத்திருக்கு."

"எந்தச் செடி?"

"சேனை."

"அது இலைன்னாக்கும் இத்தனை நாளும் கேட்டேன்."

"இலை இல்லை மாமா. பூ. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சரே, நேத்து வரைக்கும் இலைன்னேள். இன்னிக்குப் பூங்கறேள். அதுவும் நாறற பூ. லோகத்துல பூ எங்கேயாவது நாறுமோ? எலியைக் கையில வச்சுண்டு நிக்கறேன், பார்க்கறேள் இல்லியோ?"

"அந்த எலி மணக்கவே இல்லையே மாமா. மோந்து பாருங்கோ."

"பின்னே? நாத்தமெல்லாம் அதுலேர்ந்து வெளியில வந்துதான் ஆத்துல நிறைஞ்சிருக்கு. இனி அதுல எப்படி இருக்கும்?"

இந்தத் தர்க்கம் என் பட்டப் படிப்பில் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதற்குள் மாமி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரகசியமாக, "விட்டுடுங்கோ. ரிட்டயரானதுக்கப்புறம் அவர் மூஞ்சியை இத்தனை சந்தோஷமா நான் பார்த்ததில்லை. எலியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

எலி மழையில் கிணற்றடிக்குப் பின்னால் புதைக்கப்பட்டது. சாம்பிராணி போட்டார்கள். இடதுபக்கத்து வீட்டாரிடம் மாமா வாசலில் நின்று, உங்கள் எலியை நாங்கள் அடக்கம் செய்துவிட்டோம், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். நாற்றம் மட்டும் போகவில்லை. "போகப் போகப் போகும்" என்றார் மாமா.

என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் நம்பாவிட்டால் போகட்டும், வகுப்பில் நம்புவார்கள் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை கிழங்கைப் பூவோடு ஒரு கூடையில் வைத்து, ஈரத் துண்டால் மூடி, பஸ் ஏறினேன். என் கணவர் கூட வருவதாகச் சொன்னார். ஆனால் கூடையைப் பார்த்ததும் அவருக்கு அன்று ஆபீஸுக்கு நடந்து போகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

மழைக்காகப் பஸ்ஸின் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கியிருந்தார்கள். பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் முதல் ஆள் செருப்பைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு அவருக்கு எதிரில் இருந்தவர் பார்த்தார். பிறகு செருப்பு போடாதவர்களும் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு படுதாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றன. பின்சீட்டில் ஒரு மீன்காரி, காலடியில் மீன் கூடையோடு.

"எந்தா சேச்சி, மீன் சீஞ்ஞதாணோ?" என்று கேட்டார் கண்டக்டர். மீன் அழுகிவிட்டதா என்று.

அந்த அம்மாள் எழுந்து நின்றாள். ஆறடி இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம். "என்றெ மீனோ! இன்னு வெளுப்பினு கடலில் நின்னு வந்ந மீனாணு! ஜீவன் போயிட்டில்லா!" என்று கூவி, ஒரு சாளை மீனை எடுத்துக் கண்டக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். இன்று விடியற்காலை கடலிலிருந்து வந்தது, இன்னும் உயிர்கூடப் போகவில்லை என்று சத்தியம் செய்தாள். கண்டக்டர் மோந்து பார்த்தார். மீனில் குற்றமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அதோடு அவள் விடவில்லை. தன் மீனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து மோந்துகொண்டே முன்னால் வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். துண்டின் ஒரு மூலையைத் தூக்கினாள்.

"சேனப்பூ!" என்றாள்.

பத்தொன்பது நாள் நான் கண்டுபிடிக்காததை அவள் ஒரு விநாடியில் கண்டுபிடித்தாள்.

தினமும் என்னைப் பார்க்கிற கண்டக்டர் மிகவும் மரியாதையாக, "டீச்சர் இவிடெ இறங்ஙணம்" என்றார், இங்கேயே இறங்கவேண்டும் என்று. மீன்காரி என் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, மீனுக்குப் பஸ்ஸில் இடம் உண்டு, பூவுக்குத்தான் இல்லை என்று மலையாளத்தில் சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அப்போது சிரிக்கிற நிலைமையில் இல்லை. மீதி தூரத்தை ஒரு கையில் குடையும் இடுப்பில் கூடையுமாக மழையில் நடந்தே தீர்த்தேன். கிழக்கேகோட்டையில் இரண்டு நாய்கள் என்னோடு சேர்ந்துகொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தன.

என் பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதுவரை கூடையை மைதானத்து மூலையில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் வைத்தேன். செய்தி பரவிவிட்டது. கூடையோடு வகுப்புக்குள் போனபோது ஒருத்தி யூகலிப்டஸ் தைலத்தைக் கைக்குட்டையில் நனைத்துத் தயாராக வைத்திருந்தாள். ஒருத்தி கர்ப்பூரம் கொண்டுவந்திருந்தாள். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கடைசி வரிசைக்குப் போய் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பயப்படாதீர்கள். மிகவும் மோசமாக இருக்கும், ஆனால் விஞ்ஞானம் இப்படித்தான்" என்று சொல்லி, துண்டை எடுத்தேன்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? ஒருத்தி மூச்சு விட்டாள். மெதுவாக மோந்து பார்த்தாள். பிறகு இன்னொருத்தி.

ஒன்றும் இல்லை.

நான் குனிந்து மோந்தேன். ஒன்றும் இல்லை. மூக்கை அந்த உருளைமேலேயே வைத்து மோந்தேன். லேசாகப் பச்சைக் கடலைமாவு மாதிரி ஏதோ ஒரு வாசனை, அவ்வளவுதான். நிமிர்ந்தேன். நாற்பது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். என் மூக்கு நுனியில் மஞ்சளாக மகரந்தம் அப்பியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பூவின்மேல் உதிர்ந்திருந்த மகரந்தத்தைக் கண்டதும் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. உருளையின் அடியில் பெண் பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள். முதலில் பெண் பூக்கள் தயாராகும். அப்போதுதான் நாற்றம், அப்போதுதான் ஈக்களுக்கு அழைப்பு. அந்த வேலை முடிந்ததும் நாற்றம் நின்றுவிடும், ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும், ஈக்கள் அதைச் சுமந்துகொண்டு அடுத்த நாற்றத்தைத் தேடிப் போகும். அன்று மூக்கில் மஞ்சளோடு நான் நடத்திய பாடத்தைப் போல நல்ல பாடம் நான் பிறகு நடத்தியதில்லை. ஆனால் முடிவில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது நாறியது என்பதற்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டாள். வக்கீல் வீட்டுப் பெண்.

ஒரு வீடும் ஒரு பஸ்ஸும் சாட்சி என்றேன். வீடு எலி என்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அரைப் பரீட்சையில் சேனைப் பூவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர், "இந்தப் பூவுக்கு மணம் கிடையாது. நாங்கள் நேரில் மோந்து பார்த்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். அதை எப்படித் தப்பு என்று அடிப்பது? மார்க் போட்டேன்.

பூ வாடிச் சரிந்ததும் என் கணவர் கிழங்கைக் கிணற்றடியில் குழி வெட்டி நட்டார். ஒரு மாதத்தில் மறுபடியும் ரோஜா நிறத்தில் முளை வந்தது. இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. மாமிதான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, ஒருநாள், "பயப்படவேண்டாம், இது ஒல்லியா இருக்கு, இலைதான்" என்றாள். இலையேதான். குடை மாதிரி விரிந்து, மாமாவின் உயரத்துக்கு வளர்ந்தது. மாமா காலையில் பல் தேய்க்கும்போது அதன் கீழே நிற்பார்.

தை மாதம் தோண்டினோம். மாமி தேங்காய் அரைத்து விட்டு அதில் எரிசேரி வைத்தாள். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது கவளத்தில் என் நாக்கு அரிக்க ஆரம்பித்தது. என் கணவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா, "கிழங்கு நன்னா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு இருமினார். மாமி எழுந்து போய், அரிப்புக்கு மருந்தாக ஒரு பெரிய பாத்திரத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.